சீல் கேபிள் கூடாரப் பதிவை ஏன் எடுத்துவிட்டேன்

‘கூடாரத்துக்கு சீல் கேபிள்’ பதிவைக் காணோமே என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். நான்தான் எடுத்தேன். போன டிசம்பரில் ஓமானில் சோஹாருக்கு மேற்கே மலைக்குப் போய் வந்த கதையைச் சொன்னால் காரணம் புரியும். அந்தப் பக்கம் போகத் திட்டமிடுபவர்களுக்கு வழியும் செலவும் இதிலேயே கிடைக்கும்.

புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு சோஹார் துறைமுகத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. முகாம் சாமான்களைக் கடையில் வாங்காமல் கையால் செய்து, கிராம் கிராமாக எடை குறைப்பது என் பைத்தியம். பேலட் மூடும் வெள்ளைத் துணியில் தைத்த கூடாரம் 780 கிராம். பெப்சி டின்னில் வெட்டிய ஸ்பிரிட் அடுப்பு 18 கிராம். மலையில் தரை முழுக்கப் பாறை, முளை இறங்காது. அதனால் கூடாரத்தின் நான்கு மூலைகளையும் கற்களில் கட்ட, கன்டெய்னர் கதவைப் பூட்டும் சீல் கேபிளைப் பயன்படுத்தினேன். எண் தப்பாக அச்சாகி யார்டில் ஒதுக்கிப் போட்டவை. மெல்லிய இரும்பு வடம். அதன் பூட்டுக்குள் நுழைத்து இழுத்தால் இறுகும், பின்னால் வராது. கழற்ற வேண்டுமென்றால் வெட்ட வேண்டும், அல்லது கல்லைப் புரட்டி உருவ வேண்டும்.

கூட வந்தவன் செல்வம். ராமநாதபுரத்துக்காரன், அதே யார்டில் கிரேனில் சரக்குக் கட்டும் ரிக்கர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். ஊரில் முயல் வேட்டைக்குப் போன பெருமையை விடாமல் பேசுவான். இங்கே மான்மேல் கை வைத்தால் ஜெயில், பிறகு ஊருக்கு டிக்கெட் என்று நூறு முறை சொல்லி, அவன் பையைக் கொட்டிப் பார்த்த பிறகுதான் கூட்டிப்போனேன். எங்களுக்கு மானைப் பார்த்தால் போதும்.

வியாழன் டூட்டி முடிந்து 3.30க்குக் கிளம்பினோம். பிக்கப் ஓட்டியவர் சாலிம் பாய், அந்த மலையடிவாரத்து ஓமானி. போய்வர 14 ரியால், ஆளுக்கு ஏழு. தார்ச்சாலை 44 கிலோமீட்டர், பிறகு கல்பாதை 14. பாதை முடிகிற இடத்தில் 4.50க்கு இறங்கி, வாதியை, அதாவது காய்ந்த காட்டாற்றை, ஒட்டி 700 மீட்டர் நடந்து, வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் போட்டோம். மறுநாள் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லி அவர் போய்விட்டார்.

காலை 6.20க்கு அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தேன். மேலே எங்கோ கல் உருள்கிற சத்தம், நிற்கிறது, மறுபடி உருள்கிறது. ஆடு என்றான் செல்வம். இருநூறு அடி ஏறிப் பார்த்தோம். மான். வெள்ளாட்டுக் குட்டி அளவுதான் இருக்கும். பின்னங்கால் கண்ணியில் மாட்டி, தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. எங்களைக் கண்டதும் துள்ளியது, கண்ணி இன்னும் இறுகியது.

செல்வம் குனிந்து பார்த்தான்.

“அண்ணே, இது நம்ம சீலுண்ணே. நம்பரப் பாருங்க. நம்ம யார்டுல ஒதுக்குனது.”

எண் மட்டுமல்ல. கேபிளின் மறுமுனை கருவேல மரத்தைச் சுற்றியிருந்தது. உரசி அறுந்துவிடாமல் இருக்க அதன்மேல் நீலத் தண்ணீர்க்குழாய்த் துண்டு செருகியிருந்தது. அந்த யோசனை என்னுடையது. அளவோடு, படத்தோடு, இந்தத் தளத்தில் நான் எழுதியது. கீழே எங்கள் கூடாரத்தின் நான்கு மூலையிலும் அதே சீல், அதே நீலக் குழாய். பார்க்கிற எவனும் என்ன நினைப்பான்?

வெட்ட கட்டிங் பிளேயர் இல்லை. எடை 210 கிராம் என்று அறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். கல்லால் நசுக்கப் பார்த்தேன். மான் அலறியது. மான் அப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியாது.

7.10க்குக் கீழே வண்டிச் சத்தம். யாராக இருந்தாலும் எங்களுக்கு ஆபத்துதான். ரோந்து என்றால் ஜெயில், கண்ணி வைத்தவன் என்றால் அவன் கையில் என்ன இருக்குமோ. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. “செல்வம், விட்டுட்டு வா” என்று நான்தான் சொன்னேன். அவன் ஒரு நொடி தயங்கினான். நான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் ஒளிந்தேன். மான் அங்கேயே கிடந்து உதைத்துக்கொண்டிருந்தது.

வந்தது சாலிம் பாய். ஏதோ கல்யாண வீட்டுக்குப் போக வேண்டுமென்று சீக்கிரமே வந்துவிட்டார். எங்கள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே கூடாரத்தைத் தாண்டி ஏறி வந்தார். மானைப் பார்த்தார். பாறைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்த எங்களைப் பார்த்தார். திரும்பிக் கீழே கூடாரத்தின் மூலைக் கேபிள்களைப் பார்த்தார்.

“யே தும்ஹாரா?” என்றார். இது உங்களுடையதா என்று.

இல்லை என்று தலையாட்டினேன். செல்வம்தான் தனக்குத் தெரிந்த இந்தியில், டென்ட் மட்டும்தான் எங்களுடையது, இது இல்லை பாய், தாய்மேல் சத்தியம் என்றான். அவர் வண்டிக்குப் போய் பிளேயரோடு வந்தார். செல்வம் மானின் கண்ணைத் துண்டால் மூடி அமுக்கிப் பிடிக்க, அவர் கேபிளில் ஒரே வெட்டு. மான் மூன்று காலில் நொண்டிக்கொண்டு மேலேறிப் போனது. பிழைத்ததா, தெரியாது.

பிறகு அவர் கூடாரத்துக்கு நடந்தார். நான்கு மூலைக் கேபிளையும் வெட்டினார். எங்கள் கேபிளையும் அந்தக் கண்ணியையும் சேர்த்துச் சுருட்டித் தன் சீட்டுக்கு அடியில் திணித்துக்கொண்டு, “கலாஸ்” என்றார், முடிந்தது என்று. தார்ச்சாலை தொடங்குகிற இடத்தில் போலீஸ் வண்டி நின்றது. எங்கள் பைகளைத் திறந்து பார்த்தார்கள். அவர் அரபியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். இரும்பு அவர் சீட்டுக்கு அடியில் இருந்தது. பிடிபட்டிருந்தால் முதலில் மாட்டியிருப்பவர் அவர்தான்.

ஒரு மாதம் எனக்குத் தூக்கம் சரியில்லை. சூப்பர்வைசர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே, சீலைப் பற்றிக் கேட்கத்தான் என்று நினைப்பேன். இன்னும் யாரும் கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு: டிசம்பர், ஜனவரி நல்ல காலம். ஆளுக்கு ஆறு லிட்டர் தண்ணீர் வேண்டும். மழை மேகம் தெரிந்தால் வாதிக்குள் இறங்காதீர்கள். கூடாரத்துக்கு நைலான் கயிறு போதும், இரும்பு வடம் எதுவும் பையில் வேண்டாம். கட்டிங் பிளேயர் கட்டாயம். 210 கிராம்தான், என் பையில் இப்போது அதுதான் முதலில் ஏறுகிறது.

அந்தப் பதிவை நீக்கும் முன் அதன் கீழே வந்திருந்த கருத்துகளைப் படித்தேன். பெயர் போடாத ஒருவர், எங்கள் பயணத்துக்கு மூன்று வாரம் முன்பு எழுதியிருந்தார்: “அண்ணே, மலையில போட்டுப் பாத்தேன். நல்லா இறுகுது. ரொம்ப நன்றி.”

அதற்குக் கீழே ‘மகிழ்ச்சி தம்பி’ என்று நான் பதில் போட்டிருந்தேன்.