தண்ணிப் போலீஸின் எடை

காகித ஆலையின் எடை மேடையில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவருக்கு லாரிக்காரர்கள் வைத்த பெயர் தண்ணிப் போலீஸ். பழைய பேப்பர் கட்டில் தண்ணீர் அடித்து எடையைக் கூட்டும் வித்தையெல்லாம் அவரிடம் பலிக்காது. கட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்து, "இருநூறு கிலோ தண்ணி. பேப்பரை இறக்கிட்டு தண்ணியை வீட்டுக்குக் கொண்டு போப்பா" என்பார். ஒரு லாரி மூன்று நடையும் கிலோ பிசகாமல் ஒரே எடை காட்டியபோது, "பொய்தான் இப்படி ஆடாம அசையாம நிக்கும்" என்று திருப்பி அனுப்பினார்.

இத்தனை கெட்டிக்காரர், தலைவலி நின்ற மறுநாளே பிரஷர் மாத்திரையை நிறுத்தியவர். எட்டு வருடம் அழுத்தத்தோடு மல்லுக்கட்டிய இதயம் களைத்துப்போனது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. கணுக்கால் வீங்கியது.

"இதயம் நின்னுடலை. ரத்தத்தைத் தள்ளுற பலம் குறைஞ்சு போச்சு. அதான் கால்லயும் நுரையீரல்லயும் தண்ணி தேங்குது" என்றார் டாக்டரம்மா. "உப்பைக் குறைங்க. இதய மாத்திரை, நீர் போற மாத்திரை ரெண்டையும் விடாதீங்க. தினம் காலையில எடை பார்த்து நோட்டுல எழுதுங்க. மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா உடனே வந்துடணும்."

"அன்னைக்கே பிரஷர் மாத்திரையை விடாம இருந்திருந்தா?" என்று மனைவி கேட்டாள். டாக்டரம்மா தலை நிமிராமல் சீட்டு எழுதினார்.

நீர் மாத்திரை போட்டால் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து போக வேண்டும். கழிவறையோ ஆலையின் மறுகோடியில். அவர் எழுந்தால் பதினைந்து லாரி ஹாரன் அடிக்கும். "என்ன போலீஸு, மறுபடியும் ரோந்தா?" என்ற ஓட்டுநர்களின் கிண்டலைத் தாங்கலாம், எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகும் மேனேஜரைத் தாங்க முடியாது. ஒப்பந்த வேலை. போனால் போனதுதான். ஆகவே மாத்திரை சட்டைப்பையிலேயே தங்கியது.

ஒருநாள் காலை அவர் பாதம் செருப்புக்குள் நுழையவில்லை. மனைவி நோட்டை எடுத்துப் பார்த்தாள்.

"எட்டு நாளா அறுபத்தெட்டு. ஒரு லாரி இப்படிக் காட்டினா விடுவீங்களா?"

அவள் எடை மெஷினை அவர் காலடிக்கு இழுத்து வைத்தாள்.

"ஏறுங்க."

ஏறினார். எழுபத்து மூன்று.

"அஞ்சு கிலோ கூட இருக்கே. பேப்பரா, தண்ணியா?"

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் ஊசி போட்டு வடித்தார்கள். "உடம்புதான் முக்கியம், நிதானமா வரச் சொல்லுங்க" என்று மேனேஜர் போனில் பாசமாகப் பேசினார். இரண்டு மாதம் கழித்து அவர் ஆலைக்குப் போனபோது எடை அறை நாற்காலியில் வேறொருவர் இருந்தார். அறையை ஒட்டிப் புதுக் கழிவறை. பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை.

"புது ஆள் வந்த அன்னைக்கே கேட்டார், கட்டிட்டோம்" என்றார் மேனேஜர். "நீங்க பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே அண்ணே."

மேடையில் ஒரு லாரி ஏறியது. கட்டுகளிலிருந்து நீர் சொட்டியது. புது ஆள் எடையைக் குறித்துக்கொண்டு கையை அசைத்தார். லாரி உள்ளே போனது. தண்ணிப் போலீஸ் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

காலையில் போட்ட மாத்திரை வேலையைக் காட்டியது. கழிவறைக் கதவை நெருங்கினார். பலகையில் புது எழுத்து பளிச்சென்று இருந்தது: பணியாளர்களுக்கு மட்டும்.

மறுகோடியை நோக்கி நடக்கத் தொடங்கினார்.