தண்ணிக்குப் போன இரண்டு கிலோ

மூன்றாம் வகுப்பில் அன்றைக்கு நிறைப் பாடம். கொட்டகலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சுதர்ஷினி டீச்சராகி இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. அவளும் அங்கேயே படித்தவள்தான். புத்தகத்தில் ஒரு கடைக்காரர் தராசில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தைக் காட்டி, "நீங்களும் நிறுத்து விளையாடுங்க" என்று விட்டுவிட்டாள்.

பிள்ளைகள் கடை வைக்கவில்லை. புத்தகப் பைகளைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டு, கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றார்கள். லோஜன் மேசைக்குப் பின்னால் போய்க் கணக்கப்பிள்ளையானான்.

"தள்ளு, தள்ளு, கூட்டம் போடாத! பத்து கிலோ. தண்ணிக்கு ரெண்டு போச்சு, எட்டு. அடுத்தது!"

"ஐயா, இன்னைக்கி மழையே பெய்யலைங்களே!" என்றாள் தனுஷிகா, அம்மாவின் குரலில்.

"வாயடிச்சா மூணு போகும்!"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சுதர்ஷினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது யார் குரல் என்பது உறைத்தது. அந்தத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை நல்லமுத்து, அவளுடைய அப்பா. லோஜனுக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். சத்தமில்லாமல் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டான்.

அவள் பேச்சை மாற்றப் பலகையில் ஒரு கணக்கு எழுதினாள். அம்மா காலையில் பன்னிரண்டு கிலோ, மத்தியானம் பத்து கிலோ கொழுந்து பறித்தார். மொத்தம் எத்தனை?

தனுஷிகாதான் வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவள் பதினெட்டு என்று எழுதியிருந்தாள். பார்த்தால் பாதி வகுப்பு அப்படித்தான் எழுதியிருந்தது.

"கூட்டல் மறந்துபோச்சா?"

"இல்ல டீச்சர். கூட்டினா இருபத்திரெண்டு. காலையில ரெண்டு, மத்தியானம் ரெண்டு கழிக்கணுமே."

"கணக்குல கழிக்கச் சொல்லலியே."

"யாரும் சொல்ல மாட்டாங்க டீச்சர். அதுவா போயிரும்."

சுதர்ஷினி அந்தப் பதினெட்டை வெட்டினாள். பிறகு, "கழிக்கக் கூடாது. அம்மா பறிச்சது அத்தனையும் அம்மாவோடதுதான்" என்றாள். இருபத்திரண்டு என்று எல்லோரையும் திருத்தி எழுத வைத்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தனுஷிகாவின் அம்மா நாகலெட்சுமி பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற வழியில் வந்திருந்தாள். இடுப்பில் ஈரம் படாமலிருக்கப் படங்குச்சாக்கு கட்டியிருந்தது.

"டீச்சர், கழிக்கக் கூடாதுன்னு புள்ள வந்து சொல்லிச்சு. நானும் ஒரு வேகத்துல, கொழுந்து நிறுக்கிற மடுவத்துல வச்சு ஐயாகிட்ட சொல்லிட்டேன். 'ஒங்க மகதாங்க சொல்லிக் குடுத்துச்சு'ன்னேன். எல்லாரும் சிரிச்சிட்டாளுக. ஐயாவுக்கு மொகமே செத்துப்போச்சு. மத்தவங்களுக்கு ரெண்டு, எனக்கு நாலு. சொன்ன கிலோ காணாம அரைப்பேருதான் விழுந்துச்சு."

நாள் முழுக்க மலையில் நின்றவளுக்குப் பாதிச் சம்பளம்.

"நான் அப்பாகிட்ட பேசுறேன்க்கா."

"ஐயோ, வேணாம் தாயி. நீங்க புள்ளைக்கு நல்லாச் சொல்லிக் குடுங்க. ஆனா பள்ளிக்கூடத்துக் கணக்க பள்ளிக்கூடத்தோட வச்சிக்கச் சொல்லுங்க. அது போதும்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நாகலெட்சுமியோ கெஞ்சினாள். அன்று முழுக்க சுதர்ஷினிக்குப் பாடத்தில் மனம் ஒட்டவில்லை. வகுப்பில் ஒரு கணக்கு, மலையில் வேறு கணக்கு என்று இந்த வயதிலேயே பழகிவிட்டால், இனி எதைச் சொல்லிக்கொடுத்தாலும் இந்தப் பிள்ளைகள் நம்புவார்களா? தலையை ஆட்டிவிட்டு, டீச்சருக்குத் தேவையான விடையை எழுதிவிட்டுப் போவார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேரே கொழுந்து மடுவத்துக்குப் போனாள்.

"டீச்சருக்கு இங்க என்ன வேலை?" என்றார் நல்லமுத்து.

"பாத்துட்டுப் போறேன்ப்பா."

முதல் சாக்கைத் தராசில் மாட்டினார்கள். "பதினொன்னு" என்றார். வாய் அடுத்த சொல்லுக்குத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டது. பதினொன்று என்றே எழுதினார். நாகலெட்சுமியின் முறை வந்தபோதும் தராசு காட்டியதையே எழுதினார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டீச்சரம்மா, நாளைக்கும் வாங்க! பள்ளிக்கூடத்த இங்கயே தூக்கிட்டு வந்துருவோம்!" என்று வரிசையில் யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். நாகலெட்சுமி மட்டும் சிரிக்கவில்லை.

அப்பாவும் அவளும் வீட்டுக்கு நடந்தார்கள்.

"நான் கழிச்சத வீட்டுக்கா கொண்டாந்தேன்?" என்றார் திடீரென்று. "பெக்டரியில மறுபடி நிறுப்பாங்க. லொறியில போறதுக்குள்ள கொழுந்து வாடிரும், கிலோ கொறையும். கொறஞ்சத யார் தலையில கட்டுவாங்க?"

"அப்ப பெக்டரியிலதானப்பா கேக்கணும்? நாகலெட்சுமி அக்காகிட்ட ஏன் கழிக்கணும்?"

"யாரு போய்க் கேக்குறது? நீயா?"

ஏற்றம் தொடங்கும் இடத்தில் அப்பா நின்று திரும்பினார்.

"நாளைக்கும் வந்து நிக்கப் போறியா?"

"வருவேன்."

"வா. ஒரு வாரம் வந்து நில்லு. அப்புறம் அந்தத் தராசுக்குப் பின்னாடி வேற ஒருத்தன் நிப்பான். அவன் மக டீச்சரா இருக்க மாட்டா."

சொல்லிவிட்டு ஏற்றத்தில் வேகமாக ஏறினார். கூடவே நடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மறுநாளும் அவள் மடுவத்துக்குப் போனாள். போகாமல் தனுஷிகாவின் முகத்தைப் பார்க்க முடியாது. போனால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.