ஒப்புக்கு வந்த நத்தை

நத்தை என்றும் சொல்ல முடியாது, வண்டு என்றும் சொல்ல முடியாது. முதுகில் ஒரு கூடு, கீழே இரண்டு குட்டிக் கால்கள், எந்நேரமும் தரையையே பார்க்கிற முகம். என்னிடம் இருந்த வீடியோ கேமில் முதல் கட்டத்திலேயே அது வந்துவிடும். முறைப்படி அது எதிரி. ஆனால் அந்த ஆட்டத்து வௌவால் போலப் பாய்ந்து வராது, முள்ளுருண்டை போல உருண்டு வந்து உயிரை வாங்காது. திட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகும், திரும்பி வரும், அவ்வளவுதான். நம் ஆள் அதன்மேல் முட்டினால்கூட அதுவே பயந்து திரும்பிக்கொள்ளும். மேலே குதித்து மிதித்தால் தட்டையாகிவிடும், நமக்குப் பத்து பாயின்ட். தெருவில் கண்ணாமூச்சி ஆடும்போது அழுகிற பொடிசுகளை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோமே, இதுவும் அந்த ஜாதிதான். அதனால் நான் அதற்கு ஒப்பு என்று பெயர் வைத்தேன்.

அந்த வீடியோ கேம் பெட்டி பிரான்சிலிருந்து வந்தது. அப்பாவோடு படித்தவர் ஒருவர் அங்கே குடும்பத்தோடு இருந்தார். ஊருக்கு வந்தபோது, தன் பிள்ளைகள் ஆடி அலுத்ததை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் வீடியோ கேம். ஆனால் அந்த ஊர் டிவிக்கென்று செய்த பெட்டி நம் ஊர் டிவியோடு ஒத்துப்போகவில்லை. டிவி மெக்கானிக் இரண்டு நாள் மல்லுக்கட்டிப் படத்தை வரவழைத்தார், கலரை வரவழைக்க அவரால் முடியவில்லை. கலர் டிவியில் கறுப்பு வெள்ளையாகவே ஆடினோம். அப்பாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. பிரான்சு சாமானுக்கு என்று ஒரு தனித்தன்மை உண்டு என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவும் ஆடுவார். ஒப்புவை ஒன்று விடாமல் மிதிப்பார். தெரியாமல் தாண்டி வந்துவிட்டால்கூடத் திரும்பிப் போய் மிதித்துவிட்டுத்தான் மேலே போவார். அப்பா கெட்டவர் இல்லை. தெருவில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் முதல் ஆளாக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். ஆனால் திங்கட்கிழமை சாம்பாரில் உப்பு கூடிப்போனால் வியாழக்கிழமை வரை எல்லாச் சாப்பாட்டிலும் அந்தப் பேச்சும் ஒரு பதார்த்தமாக வந்து விழும். சாம்பார் வைப்பது பெரும்பாலும் சித்தி.

சித்தி அம்மாவின் தங்கை. தாத்தா காலமான பிறகு எங்களோடு வந்துவிட்டாள். பக்கத்து நர்சரி பள்ளியில் டீச்சர் வேலை. எனக்குத் தலைவாரிப் பின்னல் போடுவது அவள்தான், இரவில் நான் காலைத் தூக்கிப் போட்டுத் தூங்குவதும் அவள்மேல்தான். ஒன்பது வயதில் எனக்கு வேறு யார் தயவும் தேவைப்படவில்லை. அதனால் சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் எனக்கு ஜென்மப் பகையாளிகள். முன்னால் வந்த இரண்டு பேரைச் சித்தியே வேண்டாமென்றாள். மூன்றாவதாக வந்தது பிரெஞ்சு நேஷனாலிட்டி, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை. அப்பாவின் கால் தரையில் பாவவில்லை. இதையும் தட்டிக்கழித்தால் இனி அவள் விஷயத்தில் தலையிட மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

முந்தின நாள் சமையலறையில் சித்தி அம்மாவிடம் பேசியதை நான் கேட்டேன்.

"பாஸ்போர்ட்டுக்குக் கழுத்த நீட்ட முடியாதுக்கா. அவங்க வந்துட்டுப் போவட்டும், வேணாம்னு சொல்லிடப் போறேன்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கோ வாயில் வெல்லக்கட்டியைப் போட்டதுபோல் இருந்தது.

மறுநாள் காலை வந்தார்கள். மாப்பிள்ளைக்கு பாரிசுக்குப் பக்கத்தில் ஏதோ ஆஸ்பத்திரியின் சமையலறையில் வேலை. அவருடைய அம்மா லீவை வக்கான்ஸ் என்றுதான் சொன்னார். பையனுக்கு வக்கான்ஸ் மூன்று வாரம்தான், அதற்குள் கல்யாணம் முடித்து பிரெஞ்சு கான்சலேட்டில் பேப்பர் கொடுக்க வேண்டும், ஆகையால் சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும் என்றார். தரகர் யாரும் கேட்காமலே மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பழத்தட்டில் வைத்தார். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தார். அவரிடமிருந்து எதிர்வீட்டுக்காரருக்குப் போனது, அங்கிருந்து அவர் மனைவிக்கு. பக்கம் பக்கமாகப் புரட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பெண்ணைக் கூப்பிடும் முன்பே பாஸ்போர்ட் பார்க்கும் சடங்கு முடிந்துவிட்டது. அவ்வளவு நேரம் மாப்பிள்ளையின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. சித்தி காப்பி கொண்டுவந்து வைத்தாள், நிமிரவில்லை, உள்ளே போய்விட்டாள்.

அப்போதுதான் அப்பாவுக்கு எங்கள் வீட்டின் பிரெஞ்சுச் சம்பந்தத்தையும் காட்ட வேண்டுமென்று தோன்றியது. என்னிடம் வீடியோ கேமைப் போடச் சொன்னார். மாப்பிள்ளை நாற்காலியை விட்டு இறங்கி, மடிப்புக் கலையாத பேண்ட்டோடு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சின்ன வயதில் இதை ஆடியிருக்கிறேன் என்றார். ஒப்புவின் முதுகு பச்சை நிறம் என்றும் சொன்னார். நான் நம்பவில்லை.

கெட்டிக்காரராகத்தான் ஆடினார். வௌவாலை ஒரே அடியில் வீழ்த்தினார். பிறகு பள்ளம் வந்தது. அந்த இடத்தில் பள்ளத்தை ஒட்டி ஒப்பு நடந்துகொண்டிருக்கும். மிதித்துவிட்டு ஓடினால் பள்ளத்தைத் தாண்டுவது சுலபம், தெருவில் எந்தப் பொடியனைக் கேட்டாலும் சொல்வான். இவர் அது திரும்பும்வரை காத்திருந்தார். அதற்கு மேலாகத் தாவினார். அப்புறம் ஓடுவதற்கு இடம் போதாமல் பள்ளத்தில் விழுந்தார். ஓர் உயிர் போனது. மறுபடியும் அதே இடம், அதே காத்திருப்பு, அதே பள்ளம். மிதித்துவிட்டுப் போங்கள் தம்பி என்று அப்பா சொல்லிப் பார்த்தார். மூன்றாவது முறையும் மாப்பிள்ளை விழுந்தபோது அப்பா வாய்விட்டே சிரித்துவிட்டார். மாப்பிள்ளைக்குக் காது சிவந்தது. ஏன் மிதிக்கவில்லை என்று அவரிடம் கேட்டேன்.

"அது ஒண்ணும் பண்ணலியேம்மா. அது பாட்டுக்குப் போவுது."

அவர்கள் போன பிறகு அப்பா கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். நல்ல பதிலாக வாங்கி வா என்று அம்மாவை உள்ளே அனுப்பினார். சித்தி காப்பி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படியில் நின்று, கேட்க வாய் வராமல், கழுவிய டம்ளர்களையே மறுபடி எடுத்துத் துடைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சித்தி இளகிவிடுவாளோ என்று நான் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். ஒரு கல்யாணத்தைக் கலைக்க என்னிடம் நல்ல உண்மையே ஒன்று இருந்தது.

"சித்தி, அவர் வேணாம். பயந்தாங்கொள்ளி" என்றேன்.

சித்தி திரும்பினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளத்தை, காத்திருந்ததை, ஒரு நோஞ்சான் நத்தையிடம் மூன்று உயிரைக் கோட்டைவிட்டதை.

"மிதிக்கத் தெரியலியா?"

"தெரியும். வேணும்னேதான் மிதிக்கல. அது ஒண்ணும் பண்ணலியே, அது பாட்டுக்குப் போவுதுன்றாரு."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும். அப்பா சிரிச்சப்பகூட மிதிக்கல."

சித்தி குழாயை மூடினாள். கையில் இருந்த டம்ளரை உதறிக் கவிழ்த்து வைத்தாள். 

"சரின்னு சொல்லிடுக்கா" என்றாள்.

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. எதற்குச் சரி என்று கேட்டாள். சித்தி மறுபடி சொன்னாள், காரணம் மட்டும் சொல்லவில்லை. பாஸ்போர்ட் ஜெயித்துவிட்டது என்று அப்பா தரகர் வீட்டுக்கு ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனார். நான் பீரோவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். சித்தி வந்து தூக்கி, மடியில் வைத்துக்கொண்டு என் கன்னத்தில் முத்தமிட்டாள். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைத்தான் கிளப்பியது.

சித்தி பிரான்சுக்குப் போய் நெடுநாள் வரை, அவள் பக்கத்துத் தலையணையில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு என்னையே திட்டிக்கொள்வேன். தப்பு என்னுடையதுதான், நான் சொன்ன விதம் போதவில்லை. மூன்று உயிர் என்று சொன்னதை ஐந்து என்று கூட்டிச் சொல்லியிருந்தால் சித்தி கட்டாயம் வேண்டாம் என்றிருப்பாள்.