ஐந்தாவது லிப்ட்

லிப்ட் கதவு மூடியதும் பெரியவர் சட்டைப்பையைத் துழாவித் தடித்த நாணயம் ஒன்றை எடுத்து மகளிடம் நீட்டுகிறார். மகள் குனிந்து அதைத் தரையில் விளிம்பின்மேல் நிறுத்துகிறாள். லிப்ட் ஏறி நிற்கும்வரை நாணயம் சாயக் கூடாது. முப்பத்தெட்டு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர், எந்தக் கட்டடத்துக்கும் வைக்கும் பரீட்சை அது. போன வருடம்வரை அவரேதான் குனிந்து வைப்பார். இப்போது குனிந்தால் நிமிர்த்த ஆள் வேண்டும். அதை ஒப்புக்கொள்ளாமல், "உன் கைதாம்மா நடுங்காது" என்று மெச்சியே வேலை வாங்கிவிடுகிறார்.

ஊரையே ஏற்றி இறக்கியவர் குடியிருப்பது லிப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடி. "எங்க வீட்டம்மா போனப்புறம் எவனோ பத்துப் படி சேத்துக் கட்டிட்டான்" என்பார். காய்கறி, சோப்பு எல்லாம் கயிறு கட்டிய கூடையில் சன்னல் வழியாக ஏறும். அதற்குக் கப்பியும் மாட்டி எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். "உங்களையும் இதுலயே ஏத்திடலாமே" என்று கீழ்வீட்டுக்காரர் சீண்டினால், சிரிக்காமல், "லோடு தாங்காது" என்பார்.

கூடையால் ஆகாத காரியங்களும் இருந்தன. குளியலறையில் இரண்டு முறை வழுக்கி விழுந்தார். காலை மாத்திரையைப் போட்டோமா என்ற சந்தேகத்தில் இன்னொன்றும் போட்டுக்கொண்டார். பால் பாத்திரம் கருகிப் புகை முதல் மாடிவரை இறங்கிற்று. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள், வாடிக்கையாளரை நிற்க வைத்துக்கொண்டு நாளைக்குப் பதினோரு முறை போன் செய்தாள். தன் வீட்டுக்குக் கூப்பிட்டும் பார்த்தாள். "அங்கயும் பகல் பூரா பூட்டின வீடுதானே" என்றுவிட்டார். கடைசியில் அவள், "இந்த மாசத்துக்குள்ள ஒரு இடம் பாக்கலைன்னா, வேலைய விட்டுட்டு வந்து உங்க பக்கத்துல உக்காந்துடுவேம்ப்பா" என்றாள். விழுவதைவிட அவருக்கு அதுதான் பயம்.

அதற்காகக் கிடைத்த இடத்தில் தலையைக் கொடுத்துவிடவும் மனமில்லை. நாலு முதியோர் இல்லங்கள் பார்த்தாயிற்று. இரண்டில் நாணயம் விழுந்தது. ஒன்றில் லிப்ட் ஓடவே இல்லை. நாலாவதில் நாணயம் நட்டுவைத்த கல்லாட்டம் நின்றது. மகளுக்கு உயிர் வந்தது. ஆனால் அங்கிருந்த மேலாளர் அவரைத் தாண்டி மகளைப் பார்த்து, "ஐயாவ எப்பக் கொண்டு வர்றீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"கொண்டு வர நான் என்ன பீரோவா?" என்று வெளியே வந்துவிட்டார்.

இன்று ஐந்தாவது. லிப்டில் ஏற்கெனவே சக்கர நாற்காலியில் ஒரு அம்மாள். நாணயம் நிற்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், "மூணாவது மாடி வந்ததும் கம்பியப் பிடிச்சுக்குங்க. ஒரு இடி இடிக்கும்" என்கிறார், வீட்டு நாயைப் பற்றி எச்சரிப்பதுபோல.

சொன்ன சொல் தவறாமல் இடிக்கிறது. நாணயம் துள்ளி விழுந்து உருள்கிறது. மகளின் முகம் சுருங்கிப்போகிறது. லிப்ட், தளத்துக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கிறது. நாற்காலிச் சக்கரம் ஏற மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறது. அவர் மட்டும் தலையைச் சாய்த்து, மேலே ஏதோ முனகுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"பிரேக் கட்டை தேஞ்சிருக்கு. யாரு வந்து பாக்கறது?"

"ஒருத்தர் வருவாரு. எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவாரு. அவரு ரெண்டு கால்ல வர்றவரு, அவருக்கென்ன?"

"அடுத்த தடவை அவருகிட்ட நான் பேசறேன்."

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்க்கிறார். மகள் பக்கம் திரும்பவே இல்லை.

"சரி, நீங்க எப்ப வர்றீங்க?"

அவருடைய காது நுனி மட்டும் சிவக்கிறது. மகள் நாற்காலியை அழுத்தித் தூக்கி வெளியே விட்டுவிட்டு வந்து, வழக்கம்போல நாணயத்தை எடுக்கக் குனிகிறாள்.

"இங்கயே இருக்கட்டும் விடும்மா" என்றபடி, கைத்தடி நுனியால் அதை மெல்ல நகர்த்தி, யார் காலிலும் சக்கரத்திலும் படாத மூலையாகப் பார்த்து ஒதுக்கி வைக்கிறார்.