அம்மனுக்குக் கண் வரைந்த காலை

பேனரைக் காலிலிருந்து தலைப்பக்கமாக விரித்துக்கொண்டு போனோம். சிமெண்டுத் தரையில் முதலில் பாதங்கள் வந்தன, கொலுசின் மேல் நிஜமாகவே வெயில் விழுந்ததுபோல. பிறகு சிவப்புப் புடவையின் கரை, எலுமிச்சை மாலை, சூலம் பிடித்த கை, கழுத்து, சிரிக்கலாமா என்று யோசிக்கிற உதடு, மூக்குத்தி. இன்னும் ஒரு சுற்று பாக்கி. ஒரு முனையில் அப்பா, ஒரு முனையில் நான். தள்ளினோம். புருவங்கள் வந்தன. புருவங்களுக்குக் கீழே ஒன்றுமில்லை. மாநிறத் தோல், அத்தனை பதமாகக் குழைத்த தோல், கண் இருக்க வேண்டிய இரண்டு இடங்களிலும் வழவழவென்று ஓடிக் கிடந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். பேனர் தன் போக்கில் சுருண்டு முகத்தை மூடிக்கொண்டது. அதை மறுபடி விரிக்க எங்கள் இருவருக்குமே கை வரவில்லை.

ரெங்கம் டவுனிலிருந்து செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ளே போகிற சாலையில் எங்கள் கோயில். அப்பா கோயில் தலைவர். அன்று திருவிழா. ஆற்றங்கரையில் கரகம் ஜோடித்துப் புறப்பட்டாயிற்று என்று போன் வந்துவிட்டது. காற்று திரும்பும்போதெல்லாம் உறுமிச் சத்தம் கேட்டது. வாசல் வளைவில் இந்த அம்மன்தான் ஏற வேண்டும். கரகம் அவள் பார்வைக்குக் கீழேதான் உள்ளே வரும். அந்தப் பார்வைதான் இல்லை. வரைந்தவர் என் அண்ணி. அவர் அப்போது சமையல் கொட்டகைப் பக்கமிருந்து, கையைத் துடைத்துக்கொண்டு, எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கும் ஆசையோடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

அண்ணிக்குப் பத்து பாகாட் என்கிற ஊர். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். ஞாயிறுதோறும் தேவாலயம் போகிற குடும்பம். அண்ணன் காதலித்துக் கட்டிக்கொண்டான். அப்பா தடுக்கவில்லை, சண்டை போடவில்லை, கல்யாணத்தில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். ஆனால் அண்ணியோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணன் சிங்கப்பூரில் ஷிஃப்ட் வேலைக்குப் போய்விடுவான், நடுவில் நான்தான். ஒரே மேசையில், கையெட்டும் தூரத்தில் இருவரும் உட்கார்ந்திருக்க, அப்பா என்னைப் பார்த்து, “அவங்கள சாப்பிடச் சொல்லு” என்பார். அண்ணியும் சளைத்தவரில்லை. “மாமாவுக்கு ரசம் வேணுமான்னு கேளுங்க தம்பி” என்பார். “வேணாம்னு சொல்லு.” “வேணாமாம் அண்ணி.” எனக்குச் சிரிப்பு வரும். அண்ணிக்கு வராது.

அவர் வரைவதைப் பார்ப்பது வேறொரு ஊருக்குப் போய் வருவதுபோல. படுக்கையறை மூலையில் சின்ன மேசை, மேசைமேல் டேப்லெட், கையில் ஒரு பிளாஸ்டிக் பேனா. பேனாவுக்கு நுனியைத் தவிர ஒன்றும் கிடையாது. ஆனால் கண்ணாடிக்குள் அது கரியாகும், சுண்ணக்கட்டியாகும், எண்ணெய்ச் சாயம் தோய்ந்த பன்றிமயிர்த் தூரிகையாகும். பேனாவைச் சாய்த்தால் மயிர் விரியும். அழுத்தினால் சாயம் திரளும். இழுத்துக்கொண்டே போனால் தீர்ந்து, வறண்டு, காகிதத்தின் சொரசொரப்பு மட்டும் மிஞ்சும். காகிதமும் கிடையாது, சொரசொரப்பும் கிடையாது. நீர்வண்ணம் ஓடிப் பரவி ஓரத்தில் கறுத்து நிற்கும். அறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. வாழ்நாளில் நிஜத் தூரிகை ஒன்றுகூட வாங்கியதில்லை என்று அண்ணி சொன்னபோது நான் நம்பவில்லை. தப்பாகப் போனால் இரண்டு விரலால் கண்ணாடியை மெல்லத் தட்டுவார். கோடு போன சுவடே இருக்காது. கிள்ளி எடுப்பதுபோல் இரண்டு விரலைக் கூட்டினால் முழுப் படமும் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிடும். “எட்ட நின்னு பாக்கற வேலைய விரலே செஞ்சிடும் தம்பி.”

அந்த வருடம் பேனர் வரைய ஆள் தேடியபோது அப்பா என்னிடம், சுவரைப் பார்த்துக்கொண்டு, “அவங்களால முடியுமான்னு கேளு” என்றார். அண்ணி அடுத்த அறையிலிருந்து, “முடியும்னு சொல்லுங்க” என்றார். அதற்கு அப்பா ஒரே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினார்: கண்ணை மட்டும் கடைசியில், வெள்ளிக்கிழமை குளித்துவிட்டுத் திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் பிறந்தவர்கள் யாராக இருந்தாலும், “ஆகட்டும்” என்று தலையாட்டிவிட்டு இஷ்டப்படி வரைந்திருப்போம். அண்ணி அதை ஒரு எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொண்டார். அந்த மென்பொருளில் படத்தைப் பல அடுக்குகளாக வரையலாம். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததுபோல, வேண்டாத தாளை மறைத்து வைக்கலாம். கண்களுக்கென்று தனி அடுக்கு. வெள்ளிக்கிழமை விரதமிருந்து வரைந்தார், போனில் படம் அனுப்பினார். அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குன்னு சொல்லு” என்றார். அதன்பிறகு அண்ணி அந்த அடுக்கை மறுபடி மறைத்துவைத்தார். மேசை இருப்பது படுக்கையறையில். துணி காய்கிற, உடை மாற்றுகிற அறை. அங்கே அம்மன் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குக் கூச்சம். சின்ன வயதிலிருந்து கும்பிட்டவர்களுக்கு அந்தக் கூச்சம் வந்திருக்காது. அச்சுக்கு அனுப்பும்போது அடுக்கைத் திறக்க மறந்துவிட்டார்.

இதையெல்லாம் அவர் சொல்லி முடிப்பதற்குள் உதடு வெளுத்துவிட்டது. என்னிடம்தான் சொன்னார், அப்பா பக்கத்திலேயே நிற்க. அப்பாவும் என்னிடம்தான் சொன்னார். “நான் நம்பறேன்டா. ஊரு நம்பணுமே. சர்ச்சுக்குப் போற வேதக்கார வீட்டுப் பொண்ணு, வேணும்னே சாமி கண்ண எடுத்துட்டான்னு ஒரு வாய் சொன்னாப் போதும். அப்பறம் இந்த வாசலுக்கு அவங்க எப்படி வருவாங்க?” அண்ணி தலைகுனிந்து சுருண்ட பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

குளுவாங் டவுனில் பேனரை அச்சடித்த சீனரைப் போனில் கூப்பிட்டேன். கடை பூட்டு, ஆள் மலாக்காவில் மாமியார் வீட்டில். கண் இல்லாததைப் பார்க்கவில்லையா என்று மலாயில் கேட்டேன். பார்த்தேனே என்றார் நிதானமாக. எங்கள் கோயிலிலும் புதுச் சிலைக்குக் கண்ணை எல்லாம் முடிந்தபிறகு கையால்தான் வைப்போம், நீங்களும் அப்படித்தான் என்று நினைத்தேன், இன்னும் வைக்கவில்லையா என்று என்னையே திருப்பிக் கேட்டார். போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். அண்ணி நிமிர்ந்தார்.

கம்பி வேலிக்கு அடித்த எனாமல் பெயிண்ட் கொட்டகையில் மிச்சமிருந்தது, கறுப்பும் வெள்ளையும். தட்டையான ஒரு தூரிகை, மெல்லியதாக ஒன்று. பேனரை மறுபடி விரித்தோம். அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு அம்மனின் தோளோரம் மண்டியிட்டார். தூரிகையை டப்பாவில் தோய்த்து எடுத்ததும் அவர் மணிக்கட்டு சட்டென்று இறங்கியது. பெயிண்டுக்கு எடை இருக்கும் என்று அந்தக் கை அறிந்திருக்கவில்லை. மயிர்கள் ஒன்று சேர மறுத்தன. ஒரு கண்ணே அவருடைய முழங்கை நீளம். அவ்வளவு கிட்டத்திலிருந்து எது நேர், எது கோணல் என்று தெரிய வழியில்லை. சுருக்கிப் பார்க்க விரல் இங்கே உதவாது. அப்பா அதைப் புரிந்துகொண்டாரோ என்னவோ, நாற்காலி இறக்கிய லாரியின்மேல் ஏறி நின்றார். “வெளிக்கோடு கொஞ்சம் கீழ இறங்கணும்னு சொல்லு.” நான் ஓடிவந்து சொன்னேன். “அதிகம் இறங்கிருச்சுன்னு சொல்லு.” என் வாய் வழியாக அந்தச் சொல் போய்ச் சேர்வதற்குள் தூரிகை நகர்ந்துவிடும். உறுமி சாலைக்கு வந்துவிட்டது. பெயிண்ட் வெயிலில் இறுகத் தொடங்கியது. இடது கண் எப்படியோ முடிந்தது. வலது கண்ணின் கோடு புருவத்தை நோக்கி ஏறுவதை என்னாலேயே பார்க்க முடிந்தது. அப்பா என்னைப் பார்த்து வாயைத் திறந்தார், மூடினார், பிறகு என் தலைக்கு மேலாகக் கத்தினார்.

“புள்ள, கையெடு!”

அண்ணி கையை எடுத்தார். எடுத்த வேகத்தில் ஒரு கறுப்புச் சொட்டு அம்மனின் கன்னத்தில் விழுந்தது. அவருடைய இரண்டு விரல்கள் தாமாகவே போய்ப் பேனரைத் தட்டின. மறுபடி தட்டின. சொட்டு அங்கேயே இருந்தது, ஈரமாக, மினுங்கிக்கொண்டு. அப்போதுதான் அவர் அழ ஆரம்பித்தார்.

“தொடாத. இழுவிரும்” என்றார் அப்பா லாரியிலிருந்து, குரலை இறக்கி. “திருஷ்டிப் பொட்டா இருந்துட்டுப் போவட்டும். நீ கண்ணப் பாரு. இடப் பக்கம் வா. இன்னும் வா. ம், அங்க. அங்கதான் புள்ள.”

“இங்கயா மாமா?”

“அங்கதான்.”

நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். செய்வதற்கு எனக்கு ஒன்றுமில்லை.

ஈரம் காயாமலே பேனரைத் தூக்கிக் கட்டினோம். கரகம் உள்ளே வந்தபோது நான் அம்மனைப் பார்க்கவில்லை, கூட்டத்தைத்தான் பார்த்தேன், எந்த வாய் முதலில் திறக்கும் என்று. ஒரு பெண் அண்ணாந்து, “பொட்டு வச்சது நல்லதுக்குத்தான். எவ்வளோ அழகு லா, கண்ணு பட்டுரும்” என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிவிட்டுப் போனாள். அண்ணி என் புஜத்தை இறுகப் பிடித்திருந்தார். நகக்குறி மறைய மறுநாள் ஆனது.

இப்போதும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் அண்ணிதான் வரைகிறார். அந்தக் கறுப்புப் பொட்டையும் வைக்கிறார். அதற்காகத் தூரிகை தேடி மென்பொருளையே புரட்டிவிட்டார். சொட்டு விடுகிற தூரிகைகள் அதில் நிறைய உண்டாம். ஆனால் எல்லாம் விழலாமா என்று கேட்டுவிட்டுத்தான் விழுகின்றன என்கிறார். அப்பாவுக்கு நடமாட்டம் குறைந்துவிட்டது, கோயில் பொறுப்பு வேறு கைக்குப் போய்விட்டது. ஆனாலும் அச்சுக்குப் போகிற நாளன்று தன் அறையிலிருந்தே போன் செய்கிறார். எனக்கில்லை. நான் அண்ணியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் அவருடைய போன்தான் அடிக்கிறது.

“கண்ணு இருக்கா புள்ள?”

“இருக்கு மாமா.”

“இன்னொரு தடவ பாரு.”

அண்ணி எழுந்து போய்ப் பார்க்கிறார். போனைக் காதிலிருந்து எடுக்காமல்.