ஏழு மரங்களுக்குள் ஏழு மரங்கள்

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருஷமாகத் தோட்டவேலை பார்ப்பவர் ராமாத்தாள். ஐந்தாவது வரை படித்தவர். காலையில் திருநீறு பூசி, காம்பவுண்டிலுள்ள ஏழு வெள்வேல மரங்களையும் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் தண்ணீர்க் குழாயைத் திறப்பார்.

அன்று மேனேஜர் பொன்னுச்சாமி ஒரு தாளோடு வந்தார். மறுநாள் வெளிநாட்டு ஆட்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள். மரம் வெட்டியது தெரிந்தால் ஆர்டர் போய்விடும்.

“அகேசியா ஏழு, வச்செல்லியா ஏழு, ஆகப் பதினாலுன்னு கம்ப்யூட்டர்ல இருக்குது. மீதி ஏழை எந்த மில்லுக்கு வெறகா அனுப்புனீங்க அக்கா?”

“சாமி சத்தியமா இல்லீங்க சார்.”

“சாயங்காலத்துக்குள்ள கணக்கு வரோணும். இல்லீன்னா நாளைக்கு வேலைக்கு வராதீங்க.”

உச்சி வெயிலில் ராமாத்தாள் எண்ணினார். ஏழு. மறுபடி எண்ணினார். எட்டு வந்தது. காற்றே இல்லை, நெற்றுகள் மட்டும் கலகலத்தன. வெட்டிய அடிக்கட்டை எங்கும் இல்லை. ஆனாலும் ஏழு பேர் அருகில் நின்று தன்னை எண்ணுவது போலிருந்தது.

“மாகாளியம்மா, எனக்கே தெரியாம என் கை வெட்டிருச்சா?” என்று மரத்தைப் பிடித்தார். உள்ளங்கையில் தகரம் குத்தியது.

மேலே புதுப் பெயர்த்தகடு, ‘வச்செல்லியா’. அதன் கீழே உதடு போல் மூடிய பட்டைக்குள் பழைய தகடு ஒன்று. மரம் விழுங்கியதுபோக மிச்சம் இரண்டெழுத்து, ‘அகே’.

ஆடிட்டுக்கான ஏற்பாடுகளுக்காக ஒரு நாள் முன்னதாகவே வந்திருந்த, தாவரவியல் படித்த ஆஷாவைக் கையோடு இழுத்து வந்தார். பொன்னுச்சாமியும் பின்னால் வந்தார்.

“ரெண்டும் ஒரே மரந்தாங்க்கா,” என்றாள் ஆஷா. “உலகத்துல இருக்கற வேலமரமெல்லாம் பங்காளின்னு நெனச்சு அகேசியான்னாங்க. மரபணுவைப் பார்த்தா அப்படி இல்லை. பழைய பேரை ஆஸ்திரேலியா மரங்களுக்கு விட்டுட்டு, நம்ம மரத்துக்கு வச்செல்லியான்னு வச்சாங்க. ரெண்டு பட்டியலையும் கூட்டிட்டீங்க சார்!”

ஆறு மரங்களில் பழைய தகட்டின் விளிம்பு தெரிந்தது. ஏழாவதில் பட்டை முழுசாக மூடியிருந்தது.

“இதுல எங்கீங்க?” என்றார் பொன்னுச்சாமி.

ராமாத்தாள் அரிவாளின் பின்புறத்தால் தட்டினார். மரச்சத்தம். ஒரு சாண் மேலே, புதுத் தகட்டுக்குக் கீழே, வெறும் பட்டையில் தட்டினார். ‘ணங்’ என்றது.

பொன்னுச்சாமி தாளில் ஒரு வரியை அடித்தார். “நாளைக்கு வந்துருங்க அக்கா.”

“சரிங்க சார்,” என்று ராமாத்தாள் அரிவாளைக் கீழே வைத்தார்.

மரத்துக்குள் மறுபடி ‘ணங்’ என்றது.

யாரும் தட்டவில்லை. ராமாத்தாள் மட்டும் கைகூப்பினார்.