இனிப்பு மறந்த என் நாக்கும் ஒரு குடம் மலைத்தேனும்

லேசான கசப்பு... கூடவே பச்சை வாசனை. சிறுகுறிஞ்சான் இலையை முதன்முதலாக மென்றது இன்னும் நாக்கில் நிற்கிறது.

அப்போது ஜமுனாமரத்தூர் சந்தையில் என் நாக்குக்கு மவுசு அதிகம் நண்பர்களே. ஒரு சொட்டுத் தேன் வைத்தால் போதும், தேனீ எந்த மரத்துப் பூவில் உட்கார்ந்தது, காலையிலா மாலையிலா என்பதுவரை சொல்லிவிடுவேன். வாங்க வருகிறவர்கள் என் வாயைப் பார்த்துத்தான் பையை அவிழ்ப்பார்கள்.

அன்றைக்குச் செங்கத்திலிருந்து நான் வந்த பஸ் மலை வளைவில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. சும்மா இருக்காமல் வேலியோரக் கொடியில் நாலு இலை பறித்து மென்றேன். மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சந்தையில் காளியம்மா, நெல்லிவாசல்நாட்டிலிருந்து விடியுமுன் நடந்து வந்தவள், தேன் குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். சுற்றி ஐந்நூறு பேர். சரி, ஐம்பது.

தொட்டு நக்கினேன். இனிப்பே இல்லை. பிசுபிசுவென்று கஞ்சித் தண்ணீர் மாதிரி...

"இது தேனே இல்லம்மா" என்றேன்.

"இன்னாண்ணா சொல்றீங்க? பூச்சி கொட்டுன வீக்கம் இன்னும் கையில கீது. என்னைப் பொய்க்காரின்றீங்களா?"

கூட்டம் கலைந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் டீக்கடைக்குப் போனேன். டீயிலும் இனிப்பில்லை.

"சக்கரை போட மறந்துட்டியா?"

"நாலு ஸ்பூன் போட்டுகிறேன். உன் நாக்கத்தான் கழட்டிப் பாக்கணும்" என்று மாஸ்டர் உள்ளங்கையில் சர்க்கரை கொட்டினார். வாயில் போட்டால் ஆற்று மணல்.

பின்னாலேயே சண்டைக்கு வந்த காளியம்மா என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"குறிஞ்சா இலை மென்னீங்களா? அத மென்னா தேவாமிர்தமும் மண்ணுதான். நல்லா கீது உங்க நாயம். வாங்க, கூட நின்னு வித்துக் குடுங்க."

நின்றேன். "நாக்குதான் பொய், தேன் நிஜம்" என்று குடம் காலியாகும்வரை கத்தினேன். செங்கம்வரை கேட்டிருக்கும்.

மருந்தியல் படிக்கும் மகள் போன வாரம்தான் விளக்கினாள். அந்த இலையில் இருக்கிற சத்துக்குக் கிளைகோசைடு என்று பெயராம். சர்க்கரை இன்னொரு பொருளோடு கைகோத்து நிற்பது. கூட்டாளி யாரோ அதைப் பொறுத்துக் குணம். குன்றிமணி இலையில் இனிப்பு, அரளியில் உயிரைப் பறிக்கும் விஷம். சிறுகுறிஞ்சானிலோ, நாக்கில் இனிப்பு நுழைகிற கதவை அடைத்து உட்கார்ந்துகொள்ளும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் தானாக எழுந்து போய்விடும். எல்லாம் ஒரே வம்சம்.

ஒன்பதாவதோடு நின்ற நான் இதை அந்த மலை வளைவிலேயே கண்டுபிடித்தவன், பெயர்தான் வைக்கவில்லை.

இப்போது எனக்கும் சர்க்கரை வியாதி. இலை மெல்லாமலே டீ கசக்கிறது... ஆனாலும் யாராவது தேன் கொண்டுவந்து "அசலா பாருங்க" என்றால், மூன்று முறை வாய் கொப்பளித்துவிட்டு ஒரு சொட்டு வைக்கிறேன். டாக்டர் திட்டுவார்.

என் நாக்கால் இன்னொருத்தி பொய்க்காரி ஆகக் கூடாது, அவ்வளவுதான்.